நடவு வீடியோவில் நடவு மட்டும் தெரியட்டும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். நானும் மனைவியும் நடவு, சமையல், கோயில் திருவிழா என்று இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் சின்னச் சின்ன வீடியோ போடுகிறோம். எட்டாவது படிக்கும் மகளும் சில வீடியோவில் வருவாள். மனைவி அதே பக்கத்தில் புடவையும் விற்கிறாள். நான் அடுத்த மாதம் குவைத் போகிறேன். கணக்கு பறிபோகாமலும், வீட்டு விவரம் வெளியே போகாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. கணக்கைக் காப்பாற்றுவது ஒன்று. வீடியோ வழியாக வீடு வெளியே போகாமல் பார்ப்பது இன்னொன்று. முதலாவதை ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். இரண்டாவதை ஒவ்வொரு வீடியோவிலும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது அங்கேதான். உங்களுக்குக் குவைத் பயணமும் இருப்பதால் சிம் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அது சரியில்லை என்றால் மற்றது எதைச் செய்தும் பயனில்லை.

வெளிநாடு போகிறவர்கள் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ரீசார்ஜை மறந்துவிடுகிறார்கள். சேவை துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். வாங்கியவர் எங்கோ மளிகைக் கடை வைத்திருக்கும் நல்ல மனிதராகவே இருக்கட்டும். தன் எண்ணைப் போட்டு இன்ஸ்டாகிராமில் நுழையப் பார்ப்பார், உங்கள் கணக்கு வந்து நிற்கும், ஓடிபி அவர் போனுக்குப் போகும். அதனால் ஊர் சிம்மை மனைவியின் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு உயிரோடு வைத்திருங்கள். கையோடு கொண்டுபோவதென்றால் வேலிடிட்டி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். எந்தக் கணக்கெல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது என்றும் ஒரு தாளில் எழுதுங்கள்: ஜிமெயில், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், வங்கி, ஆதார். எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு கட்டிடம் அந்த ஒரு தூணில் நிற்கிறது என்று தெரியும்.

புறப்படும் முன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பாருங்கள். உங்கள் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் 'என்னுடையது அல்ல' என்று அங்கேயே குறிக்கலாம். மேளா போட்டு விற்கும் இடத்தில் கைரேகை வைத்து சிம் வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்து இரண்டடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்பது. ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் வாங்குவதை விட்டுவிட்டு ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். கூகுள் ஆதென்டிகேட்டரே போதும், இலவசம். அது 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்ணைப் போனுக்குள்ளேயே உருவாக்கும். சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். குவைத்தில் இறங்கிய அன்றைக்கே அதன் அருமை புரியும். இன்ஸ்டாகிராமில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி, டூ-ஃபாக்டர் ஆதென்டிகேஷன் என்று போங்கள். ஜிமெயிலுக்கும் யூடியூபுக்கும் கூகுள் அக்கவுண்ட்டில் செக்யூரிட்டி பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். இரண்டிலும் ஒரு க்யூஆர் படம் வரும். அந்தப் படம் திரையில் இருக்கும்போதே உங்கள் போனிலும் மனைவியின் போனிலும் ஸ்கேன் செய்துவிட்டால் இரண்டு போனும் ஒரே எண்ணைக் காட்டும். நீங்கள் தூங்கும் நேரத்தில் அவர் உள்ளே நுழைய வேண்டி வந்தால் உங்களை எழுப்ப வேண்டாம். படத்தை மூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், அந்தப் படம்தான் சாவியே.

ஆப் காட்டும் எண்ணை இன்ஸ்டாகிராம் ஏற்க மறுத்தால் காரணம் பெரும்பாலும் போனின் கடிகாரம். தேதி, நேரத்தைக் கையால் வைத்திருப்பார்கள், இரண்டு நிமிடம் தள்ளியிருக்கும். தானியங்கி நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். நாடு மாறுவதால் மட்டும் எதுவும் கெடாது.

இதை முடித்ததும் இரண்டு இடத்திலும் பேக்கப் கோடு கிடைக்கும், போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய. கூகுள் பத்துக் குறியீடு தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு குறியீடு ஒரே தடவைக்குத்தான். கையால் எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால் அந்தக் கடை கம்ப்யூட்டரில் அது கிடக்கும். பத்திரம், சிட்டா இருக்கும் பீரோவிலேயே அந்தத் தாளும் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஜிமெயில். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்ற ஜிமெயில் போதும். யூடியூப் சேனலே ஜிமெயில்தான். பக்கத்தில் 'தொடர்புக்கு' என்று போட்டிருக்கும் மெயிலும் கணக்கு நிற்கும் மெயிலும் ஒன்றாக இருக்கக் கூடாது. கணக்குக்கென்று வேறொரு ஜிமெயில் திறந்து, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டில் மகள் பெயர், பிறந்த வருடம், ஊர்ப் பெயர், வண்டி எண் வேண்டாம். இந்த நான்கும் உங்கள் வீடியோக்களிலேயே இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொல்லைச் சேர்த்து எழுதினால் நீளமும் வரும், நினைவும் இருக்கும். ஜிமெயிலுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு வேறொன்று. எங்கோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்கள் முதலில் செய்யும் வேலை.

மனைவியும் யூடியூபைக் கவனிக்கப் போகிறார் என்றால் பாஸ்வேர்டைப் பகிர வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் செட்டிங்ஸ், பெர்மிஷன்ஸ் போய் அவருடைய ஜிமெயிலை மேனேஜராகச் சேருங்கள். எடிட் செய்து தரும் தம்பி யாராவது இருந்தால் அவருக்கு எடிட்டர் போதும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

இனி வீடியோவுக்கு வருவோம். டெல்டாவில் ஒருவர் வீட்டைக் கண்டுபிடிக்க முழு முகவரி தேவையில்லை. ஊர்ப் பெயர் தெரிந்தால் போதும். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் 'ரீல்ஸ் போடுவாங்களே, அவங்க வீடு எது' என்று கேட்டால் கூடவே ஒரு பையனை அனுப்பி வைப்பார்கள். அது நம் ஊரின் நல்ல குணம்தான், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய குணம். நகரத்தில் பூட்ட வேண்டியது கதவு எண். இங்கே பூட்ட வேண்டியது ஊர்ப் பெயர்.

குறுவை நடவு வீடியோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், 40 நொடி. வரப்பில் வண்டி நிற்கிறது. நம்பர் பிளேட்டில் டிஎன் 50, அதாவது திருவாரூர் மாவட்டம். கேமரா திரும்பும்போது வாய்க்கால் தலைப்பில் நீர்வளத்துறைப் பலகை, அதில் பாமணியாறு என்ற பெயரும் மதகு விவரமும். மோட்டார் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதிய மின் இணைப்பு எண். தூரத்தில் டவுன் பஸ் போகிறது, நெற்றியில் ஊர்ப் பெயர். கடைசி ஐந்து நொடியில் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறாள், பள்ளிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. இதில் எதையும் யாரும் வேண்டுமென்று காட்டவில்லை. ஆனால் மாவட்டம், ஆறு, ஊர், பள்ளி, அவள் எந்த நேரத்தில் எந்த வரப்பில் தனியாக வருவாள் என்பது வரை ஒரே வீடியோவில் இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவனுக்கு 40 நொடியும் 40 புகைப்படம்.

மின் இணைப்பு எண்ணால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். 'இன்று இரவு கரண்ட் கட் ஆகும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று வரும் மோசடிச் செய்தியை நாம் சிரித்துவிட்டு விடுவோம். அதே செய்தி உங்கள் சொந்த இணைப்பு எண்ணோடு வந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர் நம்பிவிடுவார். கொள்முதல் நிலையத்து ரசீதைக் காட்டி 'இந்த வருஷம் இவ்வளவு மூட்டை' என்று போடும் வீடியோ இன்னும் மோசம். அறுவடைப் பணம் எப்போது கணக்குக்கு வரும் என்பதை அது நாள் குறித்துச் சொல்கிறது. சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் எதையும் திரையில் காட்ட வேண்டாம். மேலே விரலை வைத்து மறைத்தால் அடுத்த ஃப்ரேமில் விரல் நகர்ந்திருக்கும்.

எடுத்தபின் மறைப்பதைவிட எடுக்கும்போதே தவிர்ப்பது சுலபம். வண்டியைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலகை இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். எடிட்டிங் ஆப்பில் மங்கலாக்கினால் கேமரா அசையும்போது மங்கலும் கூடவே நகர்கிறதா என்று கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தத்தையும் கேளுங்கள்: பின்னால் யாரோ மகளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், கோயில் மைக்கில் ஊர்ப் பெயரோடு அறிவிப்பு ஓடியிருக்கும். போடுவதற்கு முன் ஒருமுறை சத்தமில்லாமல், ஒருமுறை படத்தைப் பார்க்காமல் சத்தம் மட்டும். இரண்டு நிமிட வேலை.

கேமரா ஆப்பில் லொகேஷன் டேக் என்பதை அணைத்துவிடுங்கள். எடுத்த இடத்தின் ஆயத்தொலைவை அது கோப்புக்குள் எழுதி வைக்கும். இன்ஸ்டாகிராமில் ஏற்றும் வீடியோவில் பார்ப்பவர்களுக்கு அந்த ஆயத்தொலைவு தெரியாது. ஆனால் எடிட் செய்யும் பையனுக்கு டிரைவிலோ, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாகவோ மூலக்கோப்பை அனுப்பும்போது அது அப்படியே கூடப் போகும்.

திருவிழாவுக்கு வருகிறேன். ராஜகோபாலசுவாமி கோயில் வெண்ணெய்த்தாழிக்குக் குடும்பமே போய் நேரலை போட்டால், 'வீட்டில் ஆள் இல்லை' என்று நேரலையில் சொன்ன மாதிரிதான். திரும்பி வந்து மறுநாள் போடுங்கள், பார்க்கிற கூட்டம் குறைந்துவிடாது. குவைத் பயணத்துக்கு இந்தத் தந்திரம் செல்லாது. திருச்சி விமான நிலையத்தில் எடுத்த வீடியோவை ஒரு மாதம் தள்ளிப் போட்டாலும், வீட்டில் ஆண் துணை இல்லை என்ற செய்தி நீங்கள் திரும்பி வரும்வரை உண்மையாகவே இருக்கும். அதனால் அந்த வீடியோவைப் போடவே வேண்டாம் என்பேன். 'நானும் மாமியாரும் மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு நாள்' என்ற தலைப்பும் வேண்டாம். நீங்கள் ஊரில் இருக்கும்போது எடுத்த வீடியோக்களைக் கொஞ்சம் சேமித்து வைத்து, அவ்வப்போது நடுவில் விடுங்கள்.

புடவை விற்பனைக்கு வருவோம். விற்பனைக்காக இன்ஸ்டாகிராம் கணக்கை புரொஃபஷனல் கணக்காக மாற்றியிருப்பீர்கள். அந்தக் கணக்கை பிரைவேட் ஆக்க முடியாது. மாற்றும்போது கேட்கும் போன் எண், மெயில், முகவரி எல்லாம் பக்கத்திலேயே பொத்தானாக வந்து நிற்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. எடிட் புரொஃபைலில் கான்டாக்ட் ஆப்ஷன்ஸ் போய் முகவரியை எடுங்கள். போன் எண்ணுக்கு விற்பனைக்கென்று தனி சிம் போட்டு, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் வையுங்கள். வங்கியில் பதிந்த எண்ணை ஒருநாளும் திரையில் போடாதீர்கள். யுபிஐயில் பதிந்த எந்த எண்ணையும் யுபிஐ ஆப்பில் போட்டால் கணக்கில் இருக்கும் முழுப்பெயர் வந்துவிடும். எண், பெயர், ஊர் மூன்றும் ஒருவன் கையில் இருந்தால் 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று தொடங்குவது அவனுக்கு எளிது.

என்னைக் கேட்டால், குடும்ப வீடியோவையும் விற்பனையையும் இரண்டு கணக்காகப் பிரித்துவிடுங்கள். விற்பனைக் கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும், அதில் மகளும் வீடும் வர வேண்டாம். குடும்பக் கணக்கை மறுபடி சாதாரணக் கணக்காக மாற்றி பிரைவேட் ஆக்கிவிட்டு, இப்போது இருக்கும் ஃபாலோயர் பட்டியலையும் ஒருமுறை களையெடுங்கள். பிரைவேட் ஆக்கினால் புதியவர்கள்தான் தடுக்கப்படுவார்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். வருவாய் குறையும், உண்மைதான். ஆனால் மகளின் முகம் வருவாய்க்கு ஈடாக இருக்கும் நிலை வேண்டாம்.

பேக்கிங் வீடியோ போடுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பார்சலைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டும்போது வாங்கியவரின் முகவரியும் போன் எண்ணும் தெரியும். அது உங்கள் விவரம்கூட இல்லை, உங்களை நம்பிக் கொடுத்தவருடையது. லேபிள் ஒட்டும் முன் எடுத்துவிடுங்கள்.

மகள் விஷயம். இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளையின் பெயரில் பக்கம் நடத்தினால், அதைப் பெற்றோர் நடத்துகிறார்கள் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. 13 ஆகி அவளே கணக்குத் திறந்தால் உண்மையான பிறந்த தேதியைப் போடச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்கு டீன் அக்கவுண்ட் ஆகி, தானாகவே பிரைவேட்டாக இருக்கும். தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குள் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால் இவ்வளவும் போய்விடும். பிள்ளைகள் வயதைக் கூட்டுவது இதற்காகத்தான்.

உங்கள் வீடியோவில் அவள் வருவதென்றால் சீருடை, டியூஷன், சைக்கிள் வழி எதுவும் வேண்டாம். பம்புசெட்டில் குளிப்பது, ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் நனைந்து நிற்பது போன்ற காட்சிகளை நாம் வெள்ளந்தியாகப் போடுவோம். அவற்றைத் தேடிச் சேமிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மஞ்சள் நீராட்டு விழா வீடியோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேனரில் பெயர், தேதி, ஊர், மண்டபம் எல்லாம் இருக்கும். நீங்கள் போடாவிட்டாலும் ஸ்டுடியோக்காரர் 'டீஸர்' என்று தன் பக்கத்தில் போட்டுவிடுவார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே 'எங்கள் வீட்டு விசேஷத்தை உங்கள் பக்கத்தில் போடக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கல்யாண நேரலைக்கும் இதே பேச்சுத்தான்: யூடியூபில் பப்ளிக் என்று விடாமல் அன்லிஸ்டட் வைக்கச் சொல்லுங்கள். அன்லிஸ்டட் என்றால் தேடினால் வராது, ஆனால் லிங்க் யாரிடம் போனாலும் பார்க்கலாம். விசேஷம் முடிந்த மறுநாளே பிரைவேட்டுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். போட்டிருந்த நகையும் பூட்டியிருந்த வீடும் ஒரே நேரத்தில் தெரியும் வீடியோ அது.

எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு 'இது வேண்டாம்' என்று சொல்லும் வயது வந்துவிட்டது. அவள் சொன்னால், நன்றாக ஓடிய வீடியோவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, கணக்கைத் திருடும் வழி. இப்போது அதிகம் ஓடுவது காப்பிரைட் மிரட்டல். 'உங்கள் வீடியோ பதிப்புரிமையை மீறியது. 24 மணி நேரத்தில் மேல்முறையீடு செய்யாவிட்டால் கணக்கு நீக்கப்படும்' என்று ஒரு செய்தி, கீழே ஒரு லிங்க், நீல டிக் போட்ட படம். திருவிழா வீடியோ போடுகிறவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும், ஏனென்றால் பின்னணியில் ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு ஓடியது நிஜம். பயத்தில் லிங்கைத் தொடுவார்கள், இன்ஸ்டாகிராம் மாதிரியே ஒரு பக்கம் வரும், பாஸ்வேர்டைக் கேட்கும், பிறகு ஆறு இலக்கக் குறியீட்டையும் கேட்கும். நீங்கள் அடிக்கிற அதே நிமிடத்தில் அவன் அந்தப் பக்கம் உண்மையான இன்ஸ்டாகிராமில் அதை அடித்துக்கொண்டிருப்பான். இரண்டடுக்குப் பாதுகாப்பு இருந்தும் கணக்கு போவது இப்படித்தான்.

இதைச் சரிபார்க்க லிங்கைத் தொட வேண்டியதே இல்லை. இன்ஸ்டாகிராமில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் உண்மையான மீறல் இருந்தால் இருக்கும். அவர்கள் அனுப்பிய மெயில்களின் பட்டியல் பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டியில் ரீசன்ட் ஈமெயில்ஸ் என்ற இடத்தில் இருக்கும். அதில் இல்லாத மெயில் போலி. யூடியூபில் இந்த விவரமெல்லாம் ஸ்டுடியோவுக்குள்ளேயே வரும். பாட்டுக்காக வரும் கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது பாட்டை யூடியூப் தானாகவே கண்டுபிடித்துப் போடும் உரிமைக் கோரிக்கை, பெரும்பாலும் விளம்பர வருவாயைப் பாட்டுக்காரருக்குத் திருப்பும், அவ்வளவுதான். சேனலே போவது 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தால். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் விளம்பரம் தருகிறோம் என்று மெயில் வரும். மசாலாவோ உரமோ, நல்ல தொகை சொல்வார்கள். 'ஒப்பந்தம்' என்று பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு ஒன்றை அனுப்பி கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்வார்கள். பாஸ்வேர்டு போட்டிருப்பதே வைரஸ் பரிசோதனை உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காக. திறந்தால் பிரவுசரில் இருக்கும் குக்கியைத் திருடும். குக்கி என்பது ஏற்கெனவே லாகின் செய்தாயிற்று என்பதற்கான சீட்டு. அது போனால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. யூடியூபர்களைக் குறிவைத்து இது நடப்பதை கூகுளே 2021-இல் விரிவாக எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தை மெயிலிலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான கம்பெனி அனுப்பும்.

ஃபாலோயர் கூட்டும் ஆப், 'யார் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள்' என்று காட்டும் ஆப், இரண்டையும் தொட வேண்டாம். பக்கத்தை யார் பார்த்தார்கள் என்ற விவரத்தை இன்ஸ்டாகிராம் எவருக்கும் தருவதில்லை, அந்த ஆப்பால் எப்படிக் காட்ட முடியும்? டிக்டாக் 2020 ஜூன் மாதக் கடைசியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இன்றைக்கு 'டிக்டாக் திரும்ப வந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோருக்கு வெளியே நேரடியாக ஆப் ஏற்றும் கோப்பு) எதுவானாலும் வம்புதான். வீடியோ ஆப்புக்குக் கேமராவும் மைக்கும் தேவை, அதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். லொகேஷனும் தொடர்பு எண்களும் தேவையில்லை. அக்ஸஸிபிலிட்டி அனுமதி கேட்டால் அங்கேயே நீக்கிவிடுங்கள். அந்த அனுமதி பெற்ற ஆப் உங்கள் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதில் பொத்தானையும் அழுத்தும்.

மனைவியின் தோழி கணக்கிலிருந்தே 'எனக்கு ஒரு கோடு வரும், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு' என்று வரலாம். தோழியின் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும். போன் போட்டுக் குரலைக் கேட்டபிறகு மற்றது. கூரியர்காரன் என்று சொல்லி ஸ்டார் போட்டு ஏதாவது எண்ணை அடிக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். அது உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் வேலை, குரல் வழியாக வரும் ஓடிபி அங்கே போய்விடும்.

இவ்வளவும் செய்தும் கணக்கு போனால், முதல் சில நிமிடம் முக்கியம். மெயிலோ எண்ணோ மாற்றப்பட்டால் பழைய மெயிலுக்கு இன்ஸ்டாகிராமிலிருந்து ஒரு தகவல் வரும், 'இது நான் அல்ல' என்று திருப்பும் வழி அதில் இருக்கும். வந்த முகவரி மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் இன்ஸ்டாகிராம் டாட் காம், சாய்கோடு, ஹேக்டு என்ற பக்கம். உங்கள் முகம் இருக்கும் கணக்கானால் முகத்தைத் திருப்பித் திருப்பி வீடியோ எடுத்துத் தரச் சொல்லும். உள்ளே வந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், 'வேர் யூ ஆர் லாக்டு இன்' பட்டியலில் தெரியாத போனையெல்லாம் வெளியேற்றுங்கள், திருடன் தன் மெயிலையோ ஆதென்டிகேட்டரையோ சேர்த்து வைத்திருக்கிறானா என்று பாருங்கள். கடைசியைச் செய்யாமல் விட்டால் மறுநாள் காலையில் மறுபடி போயிருக்கும். கூகுளில் மீட்பு எண் மாற்றப்பட்டிருந்தால் பழைய எண்ணுக்கே குறியீடு பெற ஏழு நாள் வரை வாய்ப்புக் கிடைக்கும். மீட்பு வேலையை வழக்கமாகப் பயன்படுத்தும் போனில், வீட்டு வைஃபையிலிருந்து செய்யுங்கள், அதாவது மன்னார்குடியிலிருந்து மனைவி செய்வது நல்லது. 'கணக்கை மீட்டுத் தருகிறேன்' என்று கமெண்டில் வருகிறவர்கள் இரண்டாவது திருடர்கள்.

பணம் போயிருந்தால் வேறெதற்கும் நிற்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வழி உண்டு. ஆபாச மார்ஃபிங், மிரட்டல் என்றால் சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் குறித்த புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் நிறுத்துவதில்லை, கொடுக்கக்கூடியவர் என்று குறித்துக்கொள்கிறான். பயந்துபோய் சாட்டை அழிக்கவும் வேண்டாம். பக்கத்தின் லிங்க், பயனர் பெயர், தேதி நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தபிறகு பிளாக் செய்யுங்கள். பெயரை அவன் அடுத்த நிமிடம் மாற்றிவிடுவான், லிங்கும் நேரமும் இருந்தால் போலீஸ் கேட்க வேண்டியதைக் கேட்கும்.

அந்தரங்கப் படம் வெளியே போகும் ஆபத்து இருந்தால் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் உண்டு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். உங்கள் போனிலேயே அதன் கைரேகை மாதிரி, அந்தப் படத்துக்கே உரிய ஒரு குறியீட்டை எடுத்து, அதை மட்டும் தளங்களுக்கு அனுப்பி, அந்தப் படம் ஏறாமல் தடுக்கும். 18-க்குக் கீழே என்றால் டேக் இட் டவுன் என்பது அதே மாதிரி. 2021 ஐடி விதிகளின்படி இப்படிப்பட்ட படத்தின் மீதும் ஆள்மாறாட்டக் கணக்கின் மீதும் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் தளம் இரண்டு மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இது 24 மணி நேரமாக இருந்தது). அதனால் வெறும் 'ரிப்போர்ட்' பொத்தானோடு நிற்காமல் தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், எல்லாம் ஆன்லைனில், கட்டணம் கிடையாது.

விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு ஒத்திகை பாருங்கள். மனைவியின் போனில் ஜிமெயிலிலிருந்து முழுக்க வெளியேறிவிட்டு, உங்கள் உதவி இல்லாமல், பீரோவில் இருக்கும் தாளில் ஒரு குறியீட்டைப் போட்டு அவரே உள்ளே வரட்டும். இன்ஸ்டாகிராமுக்கு ஆதென்டிகேட்டர் எண்ணைப் போட்டு வரட்டும். எங்கே தடுக்கிறது என்று நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். கூகுளில் ஒரு குறியீடு செலவாகும், மிச்சம் ஒன்பது. செலவானதைத் தாளில் அடித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்.